கடைக்கும் ஆபீசுக்கும் வாடகையில்லா மாதங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் கடை, ஆபீஸ் வாடகை அக்ரிமென்ட் எழுதிக்கொடுப்பது என் வேலை. "ஓனர் மூணு மாசம் வாடகை வேண்டாம்னு சொல்றார் சார், நல்ல மனுஷன்" என்று சந்தோஷமாக வந்து உட்காருபவர்களை வாரத்துக்கு ஒருவராவது பார்க்கிறேன். ஓனர் நல்ல மனுஷனாகவே இருக்கட்டும். ஆனால் அந்த மூன்று மாதமும் வாடகைக் கணக்குக்குள் இருப்பதுதான், வெளியே இல்லை. திரும்பத் திரும்ப என்னிடம் வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். தனியாகச் சொல்லாத இடங்களில் எல்லாம் தமிழ்நாட்டு நடைமுறையைத்தான் சொல்கிறேன்.

வாடகையில்லா மாதம் என்றால் சரியாக என்ன?

சாவி உங்கள் கையில், கடை உங்கள் வசம், ஆனால் குறிப்பிட்ட காலத்துக்கு வாடகை கட்ட வேண்டாம். பேச்சுவழக்கில் ரென்ட் ஃப்ரீ. இன்டீரியர் வேலை செய்வதற்காகத் தரும்போது ஃபிட் அவுட் பீரியட் என்பார்கள். ஃபால்ஸ் சீலிங், வயரிங், ஏசி, கவுன்டர், போர்டு என்று வேலை நடக்கும்போது கல்லாவில் ஒரு ரூபாய் விழாது. அந்த நேரத்தில் வாடகையும் கொடுக்க வேண்டாம் என்பதே இதன் அடிப்படை.

வேலை எதுவும் இல்லாவிட்டாலும், ஆளை இழுப்பதற்காகவே தரும் ஓனர்களும் உண்டு. பேர் ஒன்று, காரணம் இரண்டு. எந்தக் காரணத்துக்காகத் தருகிறார் என்பது தெரிந்தால் எவ்வளவு கேட்கலாம் என்பதும் தெரிந்துவிடும்.

லீசுக்கு எடுத்தால் வாடகையே கிடையாதே, இதுவும் அதுவும் ஒன்றா?

இல்லை. நம் ஊரில் "லீசுக்கு வீடு" என்றால் மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு, மாத வாடகை இல்லாமல் இருந்து, காலி செய்யும்போது அந்தத் தொகையைத் திரும்ப வாங்கிக்கொள்வது. போக்கியம், ஒத்தி என்பார்கள். அங்கே உங்கள் பணத்தின் வட்டிதான் வாடகை. இந்தப் பக்கத்தில் லீஸ் என்று நான் சொல்வது மாத வாடகை கட்டும் நீண்டகால ஒப்பந்தத்தை. புரோக்கர்கள் இரண்டையும் லீஸ் என்றே சொல்வதால், போனில் பேசும்போது எது என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

வாடகையைக் குறைத்தே கொடுக்கலாமே, ஓனர் ஏன் மாதங்களை விடுகிறார்?

இதுதான் நல்ல கேள்வி. மூன்று காரணம் சொல்லலாம்.

முதலாவது, பக்கத்துக் கடை. ஒரே கட்டடத்தில் ஒருவருக்கு சதுர அடி 100 ரூபாய், இன்னொருவருக்கு 92 என்றால் ஒரு வாரத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். இலவச மாதம் அப்படி வெளியே தெரிவதில்லை. அக்ரிமென்டில் 100 என்றே இருக்கும்.

இரண்டாவது, பேங்க். வரப்போகும் வாடகையைக் காட்டி ஓனர் கடன் வாங்குவது வழக்கம். பேங்க் பார்ப்பது மாத வாடகையைத்தான்.

மூன்றாவதுதான் பெரியது. வாடகைக்கு விட்ட கட்டடத்தை விற்கும்போது விலையை வாடகையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுவார்கள். மாதம் 1,00,000 ரூபாய் என்றால் வருடம் 12 லட்சம். வாங்குபவர் 8 சதவீத வருமானம் எதிர்பார்க்கிறார் என்று வைத்துக்கொண்டால் விலை 1 கோடியே 50 லட்சம். மூன்று மாத இலவசத்துக்குப் பதிலாக வாடகையைக் குறைத்து, அதே கடை மாதம் 91,667 ரூபாய் என்றால் வருடம் 11 லட்சம், விலை 1 கோடியே 37 லட்சத்து 50 ஆயிரம். அதாவது மூன்று லட்சம் வாடகையை விட்டுக்கொடுத்து, காகிதத்தில் பன்னிரண்டரை லட்சத்தைக் காப்பாற்றிக்கொள்கிறார். இதில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் இது தெரிந்து பேசுபவருக்கும் தெரியாமல் பேசுபவருக்கும் பேரத்தில் நிறைய வித்தியாசம் வரும்.

எனக்கு எது லாபம், இலவச மாதமா, குறைந்த வாடகையா?

பேப்பர் எடுத்துக்கொள்ளுங்கள். 5 வருட அக்ரிமென்ட், வருடத்துக்கு 5 சதவீத ஏற்றம் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் வழி: மாதம் 1,00,000, முதல் மூன்று மாதம் இல்லை. முதல் வருடம் நீங்கள் கட்டுவது 9 லட்சம். அடுத்த வருடம் ஏற்றம் 1,00,000 மேல்தான் ஏறும், ஆகவே 12.60 லட்சம். பிறகு 13.23, 13.89, 14.59. ஐந்து வருடத்துக்கும் கூட்டினால் சுமார் 63.31 லட்சம்.

இரண்டாவது வழி: இலவசம் ஏதும் இல்லை, ஆனால் வாடகை 91,667. முதல் வருடம் 11 லட்சம். பிறகு 11.55, 12.13, 12.73, 13.37. மொத்தம் சுமார் 60.78 லட்சம்.

முதல் மூன்று வருடத்தை மட்டும் எடுத்து, 36 மாதத்தில் 3 மாதம் இலவசம் என்றால் சராசரி 91,667 வரும் என்று சொல்லித்தான் இந்த இரண்டையும் "ரெண்டும் ஒண்ணுதான்" என்று விற்பார்கள். மூன்றாவது வருட முடிவில் ஏறக்குறைய ஒன்றுதான், பதினைந்தாயிரம் ரூபாய்தான் வித்தியாசம். ஐந்தாவது வருட முடிவில் இரண்டரை லட்சம் அதிகமாகக் கட்டியிருப்பீர்கள். இலவசம் ஒரு தடவை வருவது. ஏற்றமோ ஒவ்வொரு வருடமும் பெரிய எண்ணின் மேல் ஏறிக்கொண்டே போகும்.

அப்படியானால் எப்போதும் குறைந்த வாடகையே கேட்க வேண்டுமா? அப்படியும் இல்லை. புதுக் கடைக்காரருக்கு உயிர் போகிற மாதங்கள் முதல் ஆறு மாதங்கள். நான்காவது வருடம் ஒரு லட்சம் அதிகமாகக் கட்டுவதைவிட, முதல் மூன்று மாதம் மூன்று லட்சம் கையில் இருப்பது அவருக்குப் பெரிது. 36 சதவீத வட்டிக்கு வாங்கி கடை போடுபவர் இலவச மாதத்தை எடுத்துக்கொள்ளலாம். கையில் பணம் இருக்கிறது, பத்து வருடம் அதே இடத்தில் இருக்கப்போகிறேன் என்பவர் வாடகையைக் குறைக்கச் சொல்வதே மேல்.

ஓனர் இலவச மாதம் தருகிறார், ஆனால் பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார். சரியா?

2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. ஆனால் "வேறு விதமாக ஒப்பந்தம் இருந்தாலன்றி" என்று ஒரு கதவையும் அந்தச் சட்டமே திறந்து வைத்திருக்கிறது. அதனால் சென்னையில் ஆறு மாதம், பத்து மாதம் என்று இன்னும் ஓடுகிறது.

கணக்கைப் பாருங்கள். பத்து லட்சம் அட்வான்ஸ், வட்டி இல்லாமல் ஓனரிடம். 7 சதவீதம் என்று வைத்தாலும் வருடத்துக்கு 70,000 ரூபாய். ஐந்து வருடத்தில் மூன்றரை லட்சம். அவர் உங்களுக்கு விட்டுக்கொடுத்த மூன்று மாத வாடகை மூன்று லட்சம்! உங்கள் இலவச மாதத்துக்கு நீங்களே பணம் கொடுத்து முடித்துவிட்டீர்கள். இலவச மாதத்தை ஒரு மாதம் கூட்டச் சொல்லிக் கெஞ்சுவதற்குப் பதிலாக அட்வான்ஸை ஆறு மாதமாக்கச் சொல்லிப் பாருங்கள். பல ஓனர்கள் இரண்டாவதற்கு எளிதாக இறங்கிவருவார்கள், ஏனென்றால் அவர்களே இந்தக் கணக்கைப் போட்டிருக்க மாட்டார்கள்.

எத்தனை மாதம் கேட்கலாம்?

தெருமுனைச் சின்னக் கடைக்குப் பதினைந்து நாள் முதல் ஒரு மாதம். வெறும் சுவரும் தரையுமாக இருக்கும் ஆபீஸ் இடத்துக்கு இரண்டு மூன்று மாதம். இவை நான் எழுதிய அக்ரிமென்ட்களில் பார்த்தவை, சட்டம் எதுவும் இல்லை. ஏசி, வயரிங் எல்லாம் முடித்த இடம் என்றால் குறையும். புதுக் கட்டடத்தில் முதல் ஆளாகப் போகிறீர்கள் என்றால் கூடுதலாகக் கேளுங்கள், உங்களைக் காட்டித்தான் அவர் அடுத்தவரைப் பிடிக்கப்போகிறார். ஷட்டரில் "வாடகைக்கு" போர்டு எத்தனை மாதமாகத் தொங்குகிறது என்று எதிரே இருக்கும் டீக்கடையில் விசாரித்துவிட்டுப் பேசப்போனால் பாதி வேலை முடிந்தது.

11 மாத அக்ரிமென்டில் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். பதினொன்றில் இரண்டை விட ஓனருக்கு மனது வராது. இலவச மாதமும் நீண்ட லாக்-இன்னும் (இத்தனை மாதத்துக்கு முன் காலி செய்யக் கூடாது என்ற கட்டுப்பாடு) எப்போதும் ஜோடியாகத்தான் வரும்.

இலவச நாட்கள் எந்தத் தேதியிலிருந்து ஓடத் தொடங்கும்?

தகராறுகளில் பாதி இங்கேதான் பிறக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அக்ரிமென்டில் நான்கு தேதிகள் ஒளிந்திருக்கும். கையெழுத்துப் போட்ட தேதி, சாவி வாங்கிய தேதி, லீஸ் தொடங்கும் தேதி, வாடகை தொடங்கும் தேதி. நான்கும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. பல அக்ரிமென்ட்களில் "லீஸ் தொடங்கிய நாளிலிருந்து 45 நாள் வாடகை இல்லை" என்று மட்டும் இருக்கும். சாவி எப்போது வரும் என்று ஒரு வார்த்தை இருக்காது.

போரூர் பக்கம் பேக்கரி போட வந்த ஒருவர், நான் எழுதாத ஓர் அக்ரிமென்டைக் கொண்டுவந்து காட்டினார். 45 நாள் இலவசம், கையெழுத்து நாளிலிருந்து. முந்தைய கடைக்காரர் காலி செய்யப் பன்னிரண்டு நாள் எடுத்துக்கொண்டார். சாவி வந்தது. உள்ளே போனால் சிங்கிள் பேஸ் கரண்ட். ஓவனுக்கு த்ரீ பேஸ் வேண்டும், லோடும் கூட்ட வேண்டும். விண்ணப்பம் போட்டால், கட்டடத்துக்குப் பணி நிறைவுச் சான்றிதழ் எங்கே என்று கேட்டார்கள். ஓனர் அதை வாங்கியிருக்கவே இல்லை. அவர் ஓடி ஆடி வாங்கி, மீட்டர் வந்து மாட்டும்போது 80 நாள் ஆகிவிட்டது. இலவச நாட்கள் முடிந்து ஒரு மாத வாடகையும் கட்டியாகிவிட்டது. ஓவனில் ஒரு பன்கூட வேகவில்லை. "நான் என்ன சார் செய்ய முடியும், அக்ரிமென்ட்ல அப்படித்தானே இருக்கு" என்று ஓனர் கேட்டார். அவர் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் எரிச்சல்.

ஆகவே இப்படிக் கேளுங்கள்: காலியான இடத்தின் சாவியும், தேவையான லோடுடன் மின் இணைப்பும், இரண்டில் எது பிந்தி வருகிறதோ அந்த நாளிலிருந்து இலவச நாட்கள் ஓட வேண்டும். ஹோட்டல் என்றால் தண்ணீர், கழிவுநீர் இணைப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பக்கத்து வேலைகளான தொழில் உரிமம், உணவுப் பாதுகாப்பு உரிமம் போன்றவற்றை ஓனர் தலையில் கட்டாதீர்கள், ஒத்துக்கொள்ள மாட்டார். ஆனால் அந்த உரிமங்களுக்காக ஓனர் தர வேண்டிய காகிதங்கள் தாமதமானால் அந்த நாட்கள் கூட வேண்டும் என்று எழுதலாம்.

சாவி வாங்கும் அன்று ஒரு வெள்ளைத்தாளில் தேதி, மீட்டர் ரீடிங், எத்தனை சாவி என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிட வேலை.

ஆடியில் கடை திறக்க மாட்டேன். அந்த மாதத்தைத் தள்ளச் சொல்லலாமா?

தாராளமாகக் கேட்கலாம். ஆடி, மார்கழியில் பால் காய்ச்ச மாட்டார்கள் என்பது ஓனருக்கும் தெரியும், அவருக்கும் வேறு ஆள் அந்த மாதத்தில் வரப்போவதில்லை. ஆனியில் அட்வான்ஸ் கொடுத்து, ஆடி முழுக்க மரவேலை, பெயிண்ட் முடித்து, ஆவணி முதல் தேதி வாடகை தொடங்குவது சென்னையில் பழகிப்போன ஏற்பாடு. அக்ரிமென்டில் மட்டும் "ஆவணி" என்று எழுதாமல் ஆங்கிலத் தேதியைப் போடுங்கள்.

அந்த மாதங்களில் எதுவுமே கட்ட வேண்டாமா?

வாடகை மட்டும்தான் இல்லை. மெயின்டனன்ஸ், கரண்ட் பில், தண்ணீர் லாரி, பார்க்கிங் எல்லாம் சாவி வாங்கிய நாளிலிருந்து ஓடும் என்றே பெரும்பாலான அக்ரிமென்ட்கள் சொல்கின்றன. ஓ.எம்.ஆர். பக்கத்துப் பெரிய கட்டடங்களில் மெயின்டனன்ஸே சதுர அடிக்கு இவ்வளவு என்று தனி வாடகை போல இருக்கும். லிஃப்டும் ஜெனரேட்டரும் ஓடுகின்றனவே, அந்தச் செலவு உண்மைச் செலவு. இருந்தாலும் ஆளே உட்காராத மாதத்துக்குப் பாதி மெயின்டனன்ஸ் என்று பேசி வாங்கியவர்கள் உண்டு.

முதல் வாடகை ஏற்றம் எப்போது?

ஜூன் 1 லீஸ் தொடங்குகிறது, செப்டம்பர் 1 வாடகை தொடங்குகிறது. "ஒவ்வொரு வருடமும் 5 சதவீதம்" என்று மட்டும் எழுதியிருந்தால் ஓனர் அடுத்த ஜூனில் ஏற்றுவார். நீங்கள் ஒன்பது மாதம்தான் பழைய வாடகை கட்டியிருப்பீர்கள். செப்டம்பர் என்று எழுதினால் மூன்று மாதத்துக்கு ஐயாயிரம் வீதம் முதல் வருடமே பதினைந்தாயிரம் மிச்சம், அடுத்தடுத்த வருடங்களிலும் அதேபோல். லாக்-இன் எந்தத் தேதியிலிருந்து என்பதையும் அதே வரியில் எழுதிவிடுங்கள்.

பாதியில் காலி செய்தால் இலவச மாதத்தின் வாடகையைத் திருப்பிக் கேட்பார்களா?

அக்ரிமென்டில் இருந்தால் கேட்பார்கள், அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார்கள். ஓனர் பக்கம் இதில் நியாயம் இருக்கிறது. மூன்று வருடம் இருப்பீர்கள் என்று நம்பித்தானே விட்டுக்கொடுத்தார்?

ஆனால் அளவு இருக்க வேண்டும். 36 மாத லாக்-இன்னில் 35-வது மாதம் போகிறவரும் ஐந்தாவது மாதம் போகிறவரும் ஒரே மூன்று லட்சம் கட்ட வேண்டும் என்பது அநியாயம். மிச்சமிருக்கும் மாதங்களுக்குத் தகுந்தபடி என்று எழுதச் சொல்லுங்கள். 24 மாதம் இருந்துவிட்டுப் போனால் மீதி 12, ஆக மூன்று லட்சத்தில் மூன்றில் ஒரு பங்கு, ஒரு லட்சம். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவும் ஒப்பந்தத்தில் எழுதிய தொகையை உச்சவரம்பாக வைத்து நியாயமான இழப்பீட்டைத்தான் தரச் சொல்கிறது. ஆனால் அதற்காகக் கோர்ட்டுக்குப் போவதைவிட ஒரு வரி எழுதுவது மலிவு.

இன்னொன்று. லாக்-இன்னில் மீதமுள்ள வாடகை முழுவதையும் கட்ட வேண்டும், கூடவே இலவச மாத வாடகையையும் திருப்பித் தர வேண்டும் என்று இரண்டும் எழுதிய அக்ரிமென்ட்கள் வருகின்றன. முழு வாடகையும் கட்டிவிட்டால் நீங்கள் லாக்-இன்னை முடித்ததாகத்தான் அர்த்தம். இரண்டில் ஒன்றை அடித்துவிடச் சொல்லுங்கள்.

வாயால் சொன்னால் போதாதா? ஓனர் தெரிந்தவர்தான்.

போதாது. எழுத்தில் இருக்கும் ஒப்பந்தத்துக்கு மாறாக வாய்ப்பேச்சைக் கொண்டுவர சாட்சியச் சட்டம் பொதுவாக இடம் கொடுப்பதில்லை. அக்ரிமென்டில் "ஜூன் 1 முதல் வாடகை" என்று இருந்தால் ஜூன் 1 முதல்தான். தெரிந்தவர் நாளைக்கு இல்லாமல் போய், அவர் மகன் அமெரிக்காவிலிருந்து வந்து கணக்குக் கேட்டால் என்ன காட்டுவீர்கள்?

ஒரு வருடத்துக்கு மேற்பட்ட லீஸ் என்றால் பதிவு செய்தே ஆக வேண்டும், பதிவுச் சட்டமும் சொத்துரிமை மாற்றச் சட்டமும் அதைச் சொல்கின்றன. 11 மாத அக்ரிமென்ட் என்ற வழக்கம் பிறந்ததே இதைத் தவிர்க்கத்தான். 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டியது தனி. 30 வருடத்துக்குக் குறைந்த லீசுக்கு மொத்த வாடகையும் அட்வான்ஸும் சேர்ந்த தொகையில் 1 சதவீதம் முத்திரைத் தீர்வை வரும். இலவச மாதங்களை எழுதிவைத்தால் வாடகைக் கூட்டுத்தொகை குறையும், அந்த அளவுக்குத் தீர்வையும் குறையும்.

ஜி.எஸ்.டி., டி.டி.எஸ். உண்டா?

கடை, ஆபீஸ் வாடகைக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். உறவோ, ஒரே குழும நிறுவனமோ இல்லாத இருவருக்கு இடையில், பணம் எதுவும் இல்லாத மாதத்துக்கு வரி போட ஒன்றும் இல்லை. ஆனால் மகன் கம்பெனிக்கு அப்பா கட்டடத்தை இலவசமாகக் கொடுத்தால் கதை வேறு, ஆடிட்டரைப் பாருங்கள். மெயின்டனன்ஸ் பில் வந்தால் அதற்கு வரி உண்டு. திருப்பித் தரக்கூடிய அட்வான்ஸுக்கு இல்லை, ஆனால் அதை வாடகையில் கழித்தால் கழித்த தொகைக்கு வரும். ஓனர் ஜி.எஸ்.டி. பதிவு இல்லாதவராக இருந்து, நீங்கள் பதிவு செய்தவராக இருந்தால், 2024 அக்டோபர் 10 முதல் நீங்களே வரியைக் கட்ட வேண்டும். காம்போசிஷன் திட்டத்தில் (சிறு வியாபாரிகள் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டும் வழி) இருப்பவர்களுக்கு 2025 ஜனவரி 16 முதல் இதிலிருந்து விலக்கு.

டி.டி.எஸ். என்பது ஓனரின் வருமான வரிக்காக வாடகையிலிருந்து நீங்கள் பிடித்துக் கட்டுவது, பணம் கொடுக்கும்போதோ கணக்கில் வரவு வைக்கும்போதோ பிடிப்பது. வாடகை இல்லாத மாதத்தில் பிடிக்க என்ன இருக்கிறது?

ஓனர்களுக்கு ஒரு வார்த்தை. கடை காலியாகக் கிடந்த மாதத்துக்கு வருமான வரியில் கிடைக்கும் சலுகை, ஆள் உள்ளே இருக்க நீங்களாக வாடகை வாங்காமல் விட்ட மாதத்துக்கு அப்படியே பொருந்தாது. எதற்காக விட்டீர்கள் என்பது அக்ரிமென்டில் இருக்கட்டும்.

மூன்று மாதம் மொத்தமாகத் தர மாட்டேன் என்கிறார். வேறு வழி?

ஆறு மாதம் பாதி வாடகை. ஓனருக்குக் கட்டடக் கடன் தவணை ஓடிக்கொண்டிருந்தால் இதற்குச் சட்டென்று சம்மதிப்பார், மாதாமாதம் ஏதோ வருகிறதே. முதலில் ஒன்று, இரண்டாவது வருடத் தொடக்கத்தில் ஒன்று என்று பிரித்தும் வாங்கலாம். பிந்தி வரும் மாதத்தை ஓனர் "மறந்துவிடும்" ஆபத்து உண்டு, அதனால் மாதத்தின் பெயரைச் சொல்லி எழுத வேண்டும்.

கொரோனாவில் வாடகையைத் தள்ளுபடி செய்தார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

அது நடுவில் வந்த கஷ்டத்துக்காக ஓனர் மனமிரங்கியோ பேசியோ விட்டது. இது தொடக்கத்திலேயே பேசி முடிப்பது. டெல்லி கான் மார்க்கெட் கடை ஒன்றுக்கு ஊரடங்குக் காலத்தில் வாடகையை நிறுத்திவைக்கக் கேட்டபோது, 2020 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம் மறுத்தது. ஒப்பந்தத்தில் அதற்கு இடம் இருக்க வேண்டும், கடையில் இருந்துகொண்டே வாடகை வேண்டாம் என்று பொதுவாகக் கேட்க முடியாது என்பதே அதன் சாரம். கட்டுவதற்குக் கொஞ்சம் அவகாசம் மட்டும் கொடுத்தார்கள்.

வெளிநாடுகளிலும் இப்படி உண்டா?

நம்மைவிட அதிகம். 1990-களின் தொடக்கத்தில் லண்டனில் ஆபீஸ்கள் காலியாகக் கிடந்தபோது ஓனர்கள் வாடகையைக் குறைக்காமல் இலவச காலத்தை நீட்டிக்கொண்டே போனார்கள். அங்கே ஐந்து வருடத்துக்கு ஒருமுறை சந்தை வாடகைக்கு மாற்றிக்கொள்வது வழக்கம். சந்தை வாடகை எது, இலவச காலத்தைக் கழிக்காத பெரிய எண்ணா, கழித்த உண்மை எண்ணா? நான்கு வழக்குகள் ஒன்றாக மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போயின. மூன்றில் பெரிய எண்ணைக் கேட்ட ஓனர்கள் தோற்றார்கள். லேமன் பிரதர்ஸ் வாடகைக்கு இருந்த பிராட்கேட் கட்டட வழக்கில் மட்டும் ஓனர் ஜெயித்தார், காரணம் அந்த லீசின் வாசகம் வேறு அர்த்தத்துக்கே இடம் கொடுக்காதபடி இருந்தது. ஒரு வாக்கியத்துக்கு அவ்வளவு விலை. நம் ஊரில் "மூன்று வருடம் கழித்து அந்த ஏரியா வாடகைக்கு மாற்றிக்கொள்ளலாம்" என்று எழுதுபவர்கள், இலவச மாதங்களைக் கழித்த வாடகை என்று சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

நடுவில் ஓனர் கட்டடத்தை விற்றுவிட்டால்?

பதிவு செய்த லீஸ், கட்டடத்தை வாங்கியவரையும் கட்டுப்படுத்தும். இன்னும் வராத இலவச மாதமும் அதில் எழுதியிருந்தால் அவரும் தர வேண்டியதுதான். தனிக் கடிதத்தில் வாங்கி வைத்திருந்தால் சிக்கல். ரகசியமாக இருக்கட்டும் என்று சில ஓனர்கள் கடிதமாகத் தரவே விரும்புவார்கள், ஏன் என்று மேலே சொல்லிவிட்டேன்.

வீட்டு வாடகைக்கும் கேட்கலாமா?

மாதக்கணக்கில் கிடைக்காது. பெயிண்ட் அடிக்கும் பத்து நாள், சாமான் ஏற்றி இறக்கும் ஒரு வாரம், அவ்வளவுதான். ஆனால் கேட்காமலே மாத நடுவில் குடிபோய் முழு மாத வாடகை கொடுப்பவர்களைப் பார்த்தால் கஷ்டமாக இருக்கும்.

எப்படி எழுதுவது என்று ஒரு மாதிரி கிடைக்குமா?

நான் எழுதும் வாசகம் கிட்டத்தட்ட இது. உங்கள் விவரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்:

"காலியான கடையின் சாவியும், ___ கிலோவாட் த்ரீ பேஸ் மின் இணைப்பும் வாடகைதாரர் வசம் ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்து (இரண்டும் வெவ்வேறு நாளில் எனில் பிந்தைய நாளிலிருந்து) 90 நாட்களுக்கு வாடகை இல்லை. 91-வது நாள் வாடகை தொடங்கும் நாள் எனப்படும். வாடகை ஏற்றமும் லாக்-இன் காலமும் வாடகை தொடங்கும் நாளிலிருந்து கணக்கிடப்படும். வாடகை இல்லாத நாட்களில் மின் கட்டணத்தையும் பாதி மெயின்டனன்ஸையும் மட்டும் வாடகைதாரர் செலுத்துவார். லாக்-இன் முடியும் முன் வாடகைதாரர் தாமாகக் காலி செய்தால், இந்த 90 நாள் வாடகையில் லாக்-இன்னில் மீதமுள்ள மாதங்களின் விகிதப்படியான தொகையை மட்டும் செலுத்துவார். வேறு வாடகையோ இழப்பீடோ செலுத்த வேண்டியதில்லை. கட்டடம் கைமாறினாலும் இந்த ஷரத்து புதிய உரிமையாளரைக் கட்டுப்படுத்தும்."

கடைசிக்கு முந்தைய வாக்கியத்தில்தான் ஓனர் தரப்பு வக்கீல் பேனாவை வைப்பார். அங்கே நோட்டீஸ் மாதங்களை விட்டுக்கொடுத்துப் பேசலாம்.

புரோக்கர் கமிஷன் இலவச மாதத்தைக் கழித்தா, கழிக்காமலா?

கழிக்காமல்தான் கேட்பார். ஒரு மாத வாடகை என்றால் அக்ரிமென்டில் இருக்கும் பெரிய எண். இலவச மாதத்தை வாங்கிக் கொடுத்ததே நான்தானே என்பார். பல சமயம் அது உண்மையும்கூட, கொடுத்துவிடுங்கள்.